ஓரமா நிக்கிறவங்க

நாலு மாசமா ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு எபிசோட்னு சொல்லிட்டு லா அண்ட் ஆர்டர்ங்கற அமெரிக்க போலீஸ், கோர்ட் சீரீஸ முதல் சீசன்லேர்ந்து பாத்துட்டு இருக்கேன். ஒரே ஒரு எபிசோட்ங்கறது எந்த ராத்திரியும் நடக்கல, அது வேற கதை. ஏற்கனவே பாத்த சீரீஸ் தான், ஆனா அப்போல்லாம் முன்னப்பின்ன, கண்ல பட்டதைப் பாக்கறது, அதனால இன்னிக்கு டிடெக்டிவ் லென்னி கூட பார்ட்னரா லோகன் இருப்பான், நாளைக்கு அதே லென்னி கூட எட் கிரீன் இருப்பான், எவன் எப்போ வந்தான் எவன் எப்போ போனான்னு எனக்கு ஒண்ணும் தெரியாது, நானும் கேட்டுக்கிட்டதில்ல. கேஸ் நல்லா இருந்தா போதும்னு பாத்த காலம்.

இப்போ வரிசையா பாக்கறப்போ தான் உறைக்குது, இந்த சீரீஸ் மொத்தமுமே ஆள் போறதும் ஆள் வர்றதும் தான். 1990 செப்டம்பர்ல என்பிசி சேனல்ல ஆரம்பிச்சு 2010 வரைக்கும் 20 சீசன், 456 எபிசோட். முதல் சீசன்ல இருந்த ஆறு மெயின் ஆளுங்கள்ல கடைசி வரைக்கும் இருந்தவங்க யாருன்னு பாத்தா, ஒருத்தரும் இல்ல. ஒருத்தர் கூட. அப்படியும் அது அதே சீரீஸா தான் இருந்துச்சு, கண்ண மூடிட்டு கேட்டா கூட சொல்லிடலாம், காட்சி மாறறப்போ வர்ற அந்த ‘டன் டன்’ சத்தத்துக்காக மட்டும் சொல்லல.

முதல் அடி ரெண்டாவது சீசன் ஆரம்பத்துலயே. முதல் சீசன் பூரா மேக்ஸ் க்ரீவி, மைக் லோகன்னு ரெண்டு டிடெக்டிவ். குண்டா, கோவக்காரரா, குடும்பஸ்தனா இருந்த க்ரீவிய இப்போ தான் எனக்கு பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. க்ரீவியா நடிச்ச ஜார்ஜ் சுண்ட்ஸா ஒரு வருஷத்தோட விலகிட்டாரு, அதனால ரெண்டாவது சீசன் தொடங்கறப்பவே க்ரீவிய அவர் வீட்டு வாசல்ல சுட்டுட்டாங்க. முகத்தக் கூட சரியா காட்டல, காட்ட நடிகர் இல்லையே. ஆனா அதுக்கப்பறம் பண்ணினது தான் விஷயம். லோகன் ஒடைஞ்சு போறான், சந்தேகப்பட்ட ஆள்கிட்ட வரம்பு மீறி நடந்துக்கறான், போலீஸ் மனநல டாக்டர்கிட்ட உக்கார வெக்கறாங்க, அந்த நேரம் பாத்து ஃபில் செரெட்டானு புது பார்ட்னர் வந்து நிக்கறாரு. கோட் போட்டுட்டு, பதவிசா, பொறுமையா. லோகனுக்கு அவரப் பாத்தாலே ஆகல. நமக்கும் ஆகல. அது தான் அங்க நடந்த வித்தைனு எனக்கு இப்போ தோணுது, நம்ம கடுப்ப நம்மகிட்டேர்ந்து வாங்கி லோகன்கிட்ட குடுத்துட்டாங்க. அவன் நமக்கு பதிலா மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கான், அவனுக்கு மெதுவா சரியாகறப்போ நமக்கும் சரியாயிடுது.

அந்த செரெட்டாவும் ரொம்ப நாள் இல்ல. அவரா நடிச்ச பால் சொர்வினோ மூணாவது சீசன் பாதில கெளம்பிட்டாரு, அப்பறம் தான் ஜெர்ரி ஆர்பாக் வந்தாரு, லென்னி ப்ரிஸ்கோவா. வேடிக்கை என்னன்னா ஆர்பாக் அதுக்கு முந்தின சீசன்ல ஒரு எபிசோட்ல குற்றவாளி தரப்பு வக்கீலா வந்து வாதாடிட்டுப் போயிருக்காரு. வரிசையா பாத்தா ‘ஐயோ இவர் தான அவரு’னு நாமளே கத்துவோம். பின்னாடி லூட்டெனன்ட் வான் பியூரனா வந்த எபாத்தா மெர்க்கர்சன் கூட முதல் சீசன்ல சுடப்பட்ட கொழந்தையோட அம்மாவா ஒரு எபிசோட் நடிச்சவங்க தான். அந்த ஊர்ல ஆள் பஞ்சமோ என்னமோ.

சரி, நான் சொல்ல வந்ததுக்கு வரேன். 1993ல, நாலாவது சீசனுக்கு முன்னாடி, சீரீஸ்ல பொம்பளைங்களே இல்லனு சேனல் நெருக்கவும் டிடெக்டிவ்களுக்கு மேலதிகாரியா இருந்த கேப்டன் க்ரேகனையும் உதவி அரசு வக்கீல் ராபினெட்டையும் தூக்கிட்டு, அவங்க இடத்துக்கு லூட்டெனன்ட் அனிட்டா வான் பியூரனையும் வக்கீல் க்ளேர் கின்கெய்டையும் கொண்டு வந்தாங்க. கேட்டா ஏதோ கணக்குக்கு பண்ணின வேலை மாதிரி தான் இருக்கு, அப்படித்தான் ஆரம்பிச்சுதும். ஆனா வான் பியூரன் 2010ல சீரீஸ் நிக்கற வரைக்கும் இருந்தாங்க. 17 சீசன். அந்த 17 சீசன்ல லோகன் போனான், கர்ட்டிஸ் வந்தான் போனான், கிரீன் வந்தான், லென்னி போனாரு, ஃபொன்டானா வந்தாரு போனாரு, இன்னும் யார் யாரோ, எல்லாரும் ஒரே கதவத் தட்டிட்டு ஒரே ரூம்குள்ள போயி ஒரே பொம்பளைகிட்ட தான் ‘இவ்ளோ தான் கெடைச்சுது லூட்டெனன்ட்’னு சொன்னாங்க.

அவங்கள யாரும் ஹீரோயின்னு சொல்ல மாட்டாங்க. ஒரு எபிசோட்ல மிஞ்சிப் போனா நாலஞ்சு நிமிஷம் வருவாங்க. லா அண்ட் ஆர்டர்னா எல்லாரும் லென்னியும் அரசு வக்கீல் ஜாக் மெக்காயும் தான் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா ஒரு புது டிடெக்டிவ் வந்து நின்னா அவன நம்பலாமா வேணாமானு நான் யார் மூஞ்சியப் பாத்து முடிவு பண்றேன்னு யோசிச்சா, வான் பியூரன் மூஞ்சிய. அவங்க கண்ணாடிக்கு மேல ஒரு பார்வ பாப்பாங்க. அந்தப் பார்வ கொஞ்சம் எளகுச்சுனா ஆள் பாஸ். மொத வரிசைல இருக்கறவன் போனா சீரீஸ் போயிடும்னு எல்லாரும் பயப்படறாங்க, ஆனா இந்த மாதிரி கூட்டமா நடிக்கற கிரைம் சீரீஸ தாங்கறது ரெண்டாவது வரிசைல, ஓரமா, கதவுகிட்ட நிக்கறவங்கனு இந்த நாலு மாசத்துல எனக்கு ஒரு பிடிவாதமே வந்துடுச்சு.

இத அக்காகிட்ட சொன்னேன். அக்கா என்ஒய்பிடி ப்ளூங்கற இன்னொரு நியூயார்க் போலீஸ் சீரீஸ் கட்சி. "இதையெல்லாம் இப்போ தான் கண்டுபிடிச்சியா, சிப்போவிச் யாருடா ஆரம்பத்துல, ரெண்டாவது ஆள் தானே"ன்னா. "ஆமாக்கா, ஆனா அவர் அப்பறம் ஹீரோ ஆயிட்டாரே"ன்னேன். "அதைத்தானே நானும் சொல்றேன்"ன்னு ஃபோன வெச்சுட்டா.

வெச்சதுக்கு அப்பறம் யோசிச்சா அவ சொன்னது கரெக்ட். 1993ல அது ஆரம்பிக்கறப்போ டேவிட் கரூஸோ தான் எல்லாமே, ஜான் கெல்லி, செம்பட்ட முடி, தலைய ஒரு பக்கமா சாச்சு பேசற ஸ்டைல். சிப்போவிச் குடிகாரன், வாய் கெட்டவன், இனவெறி வேற, முதல் எபிசோட்லயே குண்டடி பட்டு கிடப்பான். ரெண்டாவது சீசன் நாலு எபிசோட்லயே கரூஸோ சினிமாவுக்குப் போறேன்னு கெளம்பிட்டாரு. (சினிமா என்னாச்சுனு தெரிஞ்சுக்க வேணாம், 2002ல சிஎஸ்ஐ மயாமில கூலிங் கிளாஸ மாட்டிட்டு டிவிக்கே திரும்ப வந்தாரு, பத்து வருஷம் அத கழட்டறதும் மாட்டறதுமாவே இருந்தாரு.) அன்னிக்கு எல்லாரும் சீரீஸ் காலினு தான் நெனச்சிருப்பாங்க. ஜிம்மி ஸ்மிட்ஸ் பாபி சிமோனா வந்தாரு. சிப்போவிச்சுக்கு பிடிக்கல. பிடிக்காததுக்கு ஒரு காரணமும் வெச்சாங்க, இந்த ஆள் கமிஷனருக்கு கார் ஓட்டிட்டு இருந்தவன், நெஜமான போலீஸ் வேலை என்ன தெரியும் இவனுக்குனு. அப்பறம் தான் தெரியுது, சிமோனோட மனைவி கேன்சர்ல செத்துட்டு இருந்தாங்க, பக்கத்துல இருந்து பாத்துக்க நேரம் வேணும்னு தான் அந்த டிரைவர் வேலைய எடுத்தான்னு. அவ்ளோ தான். சிப்போவிச் மன்னிப்பெல்லாம் பெருசா கேக்கல, பேச்சோட தொனி மாறுச்சு. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

அந்த சிமோனும் 1998 நவம்பர்ல போயிட்டான், இதயம் கெட்டுப் போயி, மாத்து இதயம் வெச்சும் தேறாம. அந்த எபிசோட நான் ஒரு தடவ தான் பாத்தேன், திரும்பப் பாக்க மாட்டேன். அதுக்கப்பறம் டேனி சோரன்ஸன், அதுக்கப்பறம் ஜான் க்ளார்க். சொந்தப் பையன பறிகொடுத்த சிப்போவிச் பக்கத்துல பையன் வயசுல ஒருத்தன பார்ட்னரா கொண்டு வந்து நிறுத்தினாங்க, அதனால ஒவ்வொரு புது ஆள் வர்றதும் சிப்போவிச்சோட அடுத்த அத்தியாயம் ஆயிடுச்சு. புது ஆள் யாரு, எங்கேர்ந்து வந்தான், அப்பா என்ன பண்றாருங்கறதெல்லாம் அப்பறம், இவன் வந்ததுல சிப்போவிச்சுக்கு என்ன ஆகுதுங்கறது தான் கதை. 12 சீசன், சிப்போவிச்சா நடிச்ச டென்னிஸ் ஃப்ரான்ஸுக்கு நாலு எம்மி அவார்ட். 2005ல கடைசி எபிசோட்ல அந்தக் குடிகாரன் அதே ஸ்டேஷன்ல டிடெக்டிவ்களுக்கு தலைவனா உக்காந்திருக்கான்.

இப்போ இதுக்கு நேர் எதிரா ஒண்ணு, எனக்கு இன்னும் வயித்தெரிச்சல், சிஎஸ்ஐ. தடயத்த வெச்சு கேஸ் கண்டுபிடிக்கற டீமோட கதை, லாஸ் வேகாஸ்ல நடக்கற ஒரிஜினல். 2000ல ஆரம்பிச்சப்போ க்ரிஸ்ஸம், கேத்தரின், வாரிக், நிக், சாரா, கூட ப்ராஸ். என்னப் பொறுத்தவரைக்கும் டிவில வந்த டீம்கள்ல பெஸ்ட் டீம், ஒருத்தர் பேசாம மைக்ராஸ்கோப் பாத்துட்டு இருந்தா கூட பாக்கலாம். 2004ல சம்பளத் தகராறுல நிக்காவும் சாராவாவும் நடிச்சவங்கள சேனல் வேலையவிட்டுத் தூக்கி சில நாள்லயே திரும்ப சேத்துக்கிச்சு, அப்பவே ஒரு கீறல் விழுந்துடுச்சுனு நெனைக்கிறேன். 2007ல சாரா போனா. 2008ல வாரிக்க கார்லயே சுட்டுக் கொன்னாங்க. 2009 ஜனவரில க்ரிஸ்ஸம் போயாச்சு.

க்ரிஸ்ஸம் இடத்துக்கு லாரன்ஸ் ஃபிஷ்பர்ன். எவ்ளோ பெரிய நடிகர், நான் சந்தோஷமா தான் ஒக்காந்தேன். டாக்டர் லேங்ஸ்டன், காலேஜ்ல பாடம் நடத்தறவரு, டீம்ல கத்துக்குட்டியா, லெவல் ஒண்ணா சேர்றாரு. யோசனை என்னவோ அருமையான யோசனை தான், தலைவர் போன இடத்துல தலைவர வெக்காம கடைசி பெஞ்ச்ல ஒருத்தர வெக்கறாங்க, கேத்தரின் தலைவர் ஆகறாங்க. இத மட்டும் ஒழுங்கா ஓட்டியிருந்தா இன்னிக்கு இந்தப் பதிவே வேற மாதிரி இருந்திருக்கும். ஆனா அவ்ளோ பெரிய நடிகர கடைசி பெஞ்ச்ல எத்தன நாள் உக்கார வெப்பாங்க, கேமரா அவர் பின்னாடியே போக ஆரம்பிச்சுடுச்சு, நேட் ஹாஸ்கெல்னு ஒரு சீரியல் கில்லர், லேங்ஸ்டனோட ரத்தத்துலயே வன்முறை மரபணு இருக்குனு ஒரு இழுவை, அத சீசன் கணக்கா இழுத்து கடைசில லேங்ஸ்டன் அவனக் கொன்னு, 2011ல ஃபிஷ்பர்னும் கெளம்பி, டெட் டான்ஸன் வந்து, ஒரு ஃபுல் ஸ்டாப் இல்லாம நான் எழுதற மாதிரியே அவங்களும் போயிட்டே இருந்தாங்க.

இத்தனைக்கும் ஓரமா நிக்க அங்க ஆள் இல்லாம இல்ல. டிஎன்ஏ லேப்ல பாட்டு கேட்டுட்டு இருந்த பொடியன் க்ரெக் களத்துக்கு வந்து கடைசி வரைக்கும் இருந்தான். செயற்கைக் கால்களோட பிணவறைல நின்ன டாக்டர் ராபின்ஸ் கடைசி வரைக்கும் இருந்தாரு, நடிச்ச ராபர்ட் டேவிட் ஹாலுக்கும் நெஜமாவே செயற்கைக் கால்கள் தான். எவன் உள்ள வந்தாலும் பிணத்த வெச்சுட்டு அவர்கிட்ட தான் நிக்கணும். வான் பியூரன் கதவு மாதிரி அவர் மேசை. லேங்ஸ்டனும் ஒரு டாக்டர் தானே, ரெண்டு டாக்டரையும் ஒரு பிணத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிக்க வெச்சு பேச விட்டிருந்தாலே அந்தப் புது மனுஷன நம்ம வீட்டு ஆளா ஆக்கியிருக்கலாம். அப்படிப்பட்ட காட்சி வந்தப்போல்லாம் நல்லா தான் இருந்துச்சு, போதல. 2015ல முடிக்கறப்போ க்ரிஸ்ஸமும் சாராவும் போட்ல ஏறிப் போறத காட்டி எல்லாரையும் அழ வெச்சாங்க, நானும் அழுதேன், அழுதா எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல.

என் பிடிவாதத்துக்கு யாராவது சாட்சி கேட்டா நான் கைகாட்டறது கிரிமினல் மைண்ட்ஸ, குற்றவாளி மனசப் படிச்சு ஆளப் பிடிக்கற எஃப்பிஐ டீமோட கதை. 2007ல மேண்டி பட்டின்கின், அதாவது அந்த டீமோட மூளையா இருந்த கிடியன், திடுதிப்புனு வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு, அந்த ரோல ஒத்துக்கிட்டதே என் பெரிய தப்புனு பின்னாடி பேட்டியும் குடுத்தாரு. போஸ்டர்ல நடுவுல நின்னவர். என்ன ஆச்சு? ஜோ மான்டென்யா ராஸியா வந்தாரு, வண்டி ஓடுச்சு. ஆனா 2010ல செலவக் குறைக்கறேன்னு ஜேஜேவ தூக்கினாங்க பாருங்க, பத்திரிகைக்காரங்ககிட்டயும் குடும்பங்ககிட்டயும் பேசற பொண்ணு, துப்பாக்கி தூக்கி ஓடற வேல கூட அப்போ அவளுக்கு அதிகம் இல்ல, அவளத் தூக்கினதும் தான் ஜனங்க கொந்தளிச்சாங்க. மனு போட்டாங்க, லெட்டர் எழுதினாங்க. அடுத்த வருஷமே ஜேஜேவா நடிச்ச ஏ. ஜே. குக்க திரும்பக் கூப்புட்டு வந்தாங்க. கணக்குப் பாத்தவங்களுக்கு அவ ஓரத்துல நிக்கற பொண்ணு, எடுத்தா தெரியாது. பாக்கறவங்களுக்கு அவ தான் வாசல், ஒவ்வொரு கேஸும் அவ கைல இருக்கற ஃபைல் வழியா தான் உள்ள வருது.

போறவங்கள எப்படி அனுப்பறதுங்கறதுலயும் லா அண்ட் ஆர்டர்கிட்ட ஒரு தினுசு உண்டு. பாதி பேர அனுப்பறதே தெரியாது, சீசன் முடியும், அடுத்த சீசன்ல வேற மூஞ்சி. சில சமயம் சொதப்பலும் உண்டு, 2005ல உதவி அரசு வக்கீல் செரினாவ வேலையவிட்டு எடுக்கறப்போ அவ திடீர்னு ‘நான் லெஸ்பியன்ங்கறதாலயா’னு கேப்பா, அதுவரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த இல்ல, நான் ரிமோட்ட எடுத்து பின்னாடி ஓட்டிப் பாத்தேன், ஏதாவது தூங்கிட்டேனானு. ஆனா க்ளேர் கின்கெய்ட் விஷயத்துல அவங்கள அடிச்சுக்க ஆள் இல்ல. 1996ல, ஆறாவது சீசன் கடைசி எபிசோட், ஒரு மரண தண்டனைய நேர்ல பாத்துட்டு வந்த நாலு பேரும் அன்னிக்குப் பூரா எப்படித் திரியறாங்கங்கறது தான் கதை, லென்னி பல வருஷமா விட்டிருந்த குடிய மறுபடி தொடறாரு, அவர வீட்ல விடப் போற வழில க்ளேர் கார்ல குடிச்சிருந்த ஒருத்தன் ஓட்டின இன்னொரு கார் வந்து மோதுது, க்ளேர் செத்துப் போறா. அடுத்த சீசன்ல ஒப்பாரி வெக்க ஒரு எபிசோட் கூட ஒதுக்கல, அவ இடத்துக்கு ஜேமி ராஸ் வந்து வேலையப் பாக்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு செம கோவம். அப்பறம் 1998ல ஒரு கேஸ், குடிச்சுட்டு வண்டி ஓட்டி ஆளக் கொன்னவன், மெக்காய் அவனக் கொலைகாரனாவே ஆக்கணும்னு கண்ணு மண்ணு தெரியாம நிக்கறாரு. அப்போ தான் பொறி தட்டுச்சு, ஓ, இது க்ளேர். ரெண்டு வருஷம் கழிச்சு வந்து நிக்குது துக்கம். நெஜத்துலயும் அது அப்படித்தானே, காரியம் நடக்கற அன்னிக்கு வராது.

எனக்கு சாட்சி சொல்ல ஒரு ஸ்காட்லாந்து சீரீஸும் இருக்கு, டாகர்ட், க்ளாஸ்கோல நடக்கறது, 1983ல ஆரம்பிச்சுது. டாகர்ட்ங்கறது மெயின் டிடெக்டிவோட பேரு. அவரா நடிச்ச மார்க் மக்மேனஸ் 1994ல இறந்துட்டாரு. சீரீஸ் பேர மாத்தல. டாகர்ட்டே இல்லாம டாகர்ட்ங்கற பேர்ல இன்னும் 16 வருஷம் ஓடுச்சு. மெயின் ஆள் போனா கதை முடிஞ்சுதுனு சொல்றவங்களுக்கு நான் வேற எதுவும் சொல்றதில்ல, இத மட்டும் சொல்றேன். அங்கயும் ஒரு ஜாக்கி ரீட் இருந்தா, நடிச்சது ப்ளைத் டஃப், 1990லேர்ந்து கடைசி வரைக்கும், தலைவருங்க மாறிட்டே இருக்க அவ பாட்டுக்கு வேல பாத்துட்டு இருந்தா.

எனக்கு இதுல எல்லாரையும் விட பிடிச்ச ஆள் ஸ்டீவன் ஹில். லா அண்ட் ஆர்டர்ல மெக்காய்க்கு மேல இருக்கற டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி ஆடம் ஷிஃப். முணுமுணுப்பு, சலிப்பு, மெக்காய் ஏதாவது வீராவேசமா பேசினா ‘டீல் பேசி முடி’ங்கற ஒரே அட்வைஸ். இந்த ஸ்டீவன் ஹில் 1966ல வந்த மிஷன் இம்பாஸிபிள் டிவி சீரீஸ்ல முதல் சீசன் ஹீரோ, டீம் தலைவர். ரெண்டாவது சீசன்ல அவர் இல்ல, பீட்டர் க்ரேவ்ஸ் இருந்தாரு, இவர் எங்க போனாருனு ஒரு வரி கூட கதைல இல்ல. ஆர்த்தடாக்ஸ் யூதர், வெள்ளிக்கிழம பொழுது சாஞ்சா ஷூட்டிங்ல நிக்க மாட்டாரு, அதுவே அந்தக் காலத்துல பெரிய பிரச்னையா போச்சு. அப்படி ஒரு சீரீஸ்லேர்ந்து சத்தமில்லாம கழட்டிவிடப்பட்டவரு தான், பல வருஷம் கழிச்சு இன்னொரு சீரீஸ்ல ஒரு மூலை ரூம்ல உக்காந்து, கூட வந்த அஞ்சு பேரும் ஒவ்வொருத்தரா போறத பாத்துட்டு, 2000 வரைக்கும் இருந்து, முதல் சீசன் ஆளுங்கள்ல கடைசியா லைட்ட அணைச்சுட்டுப் போனவரு.

நேத்து ராத்திரியோட பத்தாவது சீசன் முடிஞ்சுது. இன்னிக்கு பதினொண்ணாவது. ஷிஃப் இருக்க மாட்டாருனு தெரியும், அந்த ரூம்ல டயான் வீஸ்ட் உக்காந்திருப்பாங்க, நல்ல நடிகை தான், இருந்தாலும் மனசு வரல. அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், இன்னிக்கு லீவ் விட்டுடலாம்னு இருக்கேன்னு.

"ஏன்டா, வான் பியூரன் இருக்காங்கல்ல?"

இருக்காங்க. இன்னும் பத்து சீசனுக்கு இருக்காங்க.